இரண்டாவது பெடல் வேண்டுமா?

இந்தப் பக்கத்தைப் படிக்கும் சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர்களுடைய பாடற் குழுவில் டிஜிற்றல் மொடலர் ஒன்று இருக்கிறதாம். சேமிப்புக் காசில் 'ஓவர்டிரைவ்' பெடலும் வாங்கலாமா என்று கேட்கிறார். நல்ல வேளை, வாங்க முன்னரே கேட்டார். நான் கேட்காமல் வாங்கியவள்.

வால்வு றேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் சத்தம் பெருகாது, குரல் கரகரக்கும். ஒலியலையின் உச்சிகள் வெட்டுப்படுவதே காரணம். வால்வு அம்பிளிபயரில் இந்த வெட்டு மெதுவாக விழுவதால் கிற்றாருக்கு அது அழகாகிறது. காலால் மிதித்து அந்தக் கரகரப்பை வரவழைக்கும் சிறு பெட்டிதான் ஓவர்டிரைவ் பெடல். மொடலரோ, பல அம்பிளிபயர்களின் குணத்தைக் கணக்கிட்டு அதேபோல் ஒலிக்கும் கருவி. 1998இல் வந்த லைன் 6 நிறுவனத்தின் 'பொட்' இவ்வகையில் பேர் பெற்றது.

எங்கள் குழுவில் நாலு பேர் சேர்ந்து பாடினால் என் கிற்றார் கேட்காது. ஒரு பெடல் வாங்கினேன். போதவில்லை என்று இன்னொன்றும் வாங்கினேன். இரண்டும் குழுவின் காசு. பிறகு ஒருநாள் ஆறுதலாக இருந்து மொடலரின் பட்டியலைப் புரட்டியபோது, அதே வகைப் பெடல்கள் இரண்டும் அதற்குள்ளேயே இருந்தன. ஒருவரும் என்னை ஏசவில்லை. ஆனால் கணக்குக் கொப்பியில் அந்த வரியை எழுதியது நான்தான். ஆகவே சகோதரி, முதலில் உள்ளே இருப்பதைத் தேடிப் பாருங்கள்.

எதைத் தேடுவது? 1970களின் இறுதியில் வந்த ஐபனேஸின் பச்சைப் பெட்டி, 'ரியூப் ஸ்கிறீமர்'. அது அடித்தொனியைக் குறைத்து நடுத்தொனியை உயர்த்தும். குரல்களுக்கும் மேளத்துக்கும் நடுவே கிற்றார் கேட்க வேண்டுமென்றால் இதுதான். 1981இல் வந்த பொஸ் எஸ்.டி-1 ஏறக்குறைய இதன் உறவுக்காரி. 1995இல் வந்த பொஸ் பி.டி-2 நடுத்தொனியை அவ்வளவு உயர்த்தாது. விரல் மென்மையானால் அதுவும் மென்மையாகும். தனிக்குரலுக்குத் துணை போக எனக்கு அது பிடிக்கும்.

நான் விட்ட பெரிய பிழை, 'டிரைவ்' திருகியை முழுக்கத் திருப்பியது. மொடலரில் கரகரப்பு இலேசாகத் தொடங்கும் அளவுக்கு அம்பிளிபயரை வையுங்கள். பெடலில் 'டிரைவ்' குறைவாகவும் 'லெவல்' கூடுதலாகவும் இருக்கட்டும். பெடல் கரகரக்க வேண்டியதில்லை, அம்பிளிபயரைத் தள்ளிவிட்டால் போதும். வெளியே இருந்து உண்மையான பெடலைக் கொழுவினால் மொடலரின் உள்வரும் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். அது எரிந்தால் லெவலைக் குறைக்க வேண்டும். டிஜிற்றல் வெட்டு வால்வைப் போல் இதமானதல்ல, தகரத்தைக் கிழிப்பது போலிருக்கும்.

இரண்டைச் சேர்ப்பதென்றால் இரண்டிலும் டிரைவைக் குறைத்தே வையுங்கள். கூட்டினால் மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம்தான் வரும், இரைச்சலும் பெருகும். கடைசியில் நிற்கும் பெடலின் குணமே மேலோங்கும். அதனால் நான் பி.டி-2 வகையை முன்னும் பச்சைப் பெட்டியைப் பின்னும் வைக்கிறேன்.

மொடலரை மண்டபத்து ஒலிபெருக்கியில் நேரே கொடுக்கும்போது, அதிலுள்ள ஸ்பீக்கர்ப் பெட்டிப் பாவனையை அணைக்க வேண்டாம். அணைத்தால் போத்தலுக்குள் வண்டு அடைபட்டது போல் கேட்கும். கிற்றார் அம்பிளிபயரில் கொடுத்தால் மட்டும் அதை அணைத்துப் பாருங்கள். இன்னொன்று: வீட்டில் மெதுவாக வைத்துச் சரிசெய்த ஒலி மண்டபத்தில் அடித்தொனி கூடி முழங்கும். பாடகிகளை நிற்க வைத்து அங்கேயே சரிசெய்யுங்கள்.

என் இரண்டாவது பெடலைப் பாதி விலைக்கு விற்றுக் காசைக் குழுவில் கட்டிவிட்டேன். முதலாவது இருக்கிறது, பற்றரியில் ஓடுகிறது. அப்படியான பெடல் வைத்திருப்பவர்கள், வாசித்து முடிந்ததும் கிற்றாரிலிருந்து வரும் வயரைப் பெடலிலிருந்து கழற்றி விடுங்கள். கொழுவியபடி விட்டால், மிதிக்காவிட்டாலும் பற்றரி இறங்கிக்கொண்டே இருக்கும்.