மண்ணுக்குள் இருக்கும் வெள்ளி

விரிஞ்சிபுரம் கோயில் வாசலில் நண்பர் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். மெக்சிகோவில் வெள்ளி கண்டுபிடித்த சிறு கம்பெனியாம். "மண்ணுக்குள் இத்தனை அவுன்ஸ், இன்றைய விலை இவ்வளவு, கம்பெனியின் பங்கு இத்தனை சதவீதம். பெருக்கிப் பாருங்க சார், ஷேர் கொள்ளை மலிவு!" பென்ஷன் சேமிப்பைப் போடப் போகிறாராம்.

பெருக்கல் சரி, கணக்குதான் தப்பு.

ஆம்பூரில் மாட்டின் முதுகில் இருக்கும் தோலுக்குப் பதனிட்ட தோலின் விலையை எவன் கொடுப்பான்? நான் படித்த பிரெஞ்சில் 'ரெசூர்ஸ்' வேறு, 'ரெசெர்வ்' வேறு. முன்னது மண்ணில் கிடப்பது. பின்னது செலவு போக லாபத்தோடு எடுக்கக்கூடியது. விளம்பரக்காரன் முன்னதைக் காட்டிப் பின்னதன் விலையைக் கேட்கிறான்.

பங்கு என்றால் செலவிலும் பங்கு. மெக்சிகோவின் ஹுவானிசிப்பியோ சுரங்கத்தில் 2025 வரை மாக் சில்வருக்கு 44 சதவீதம் இருந்தது, ஃப்ரெஸ்னில்லோவுக்கு 56. சுரங்கம் கட்டும் செலவும் அதே விகிதம்தான். கையில் காசில்லாத கம்பெனி புதுப் பங்குகளை அச்சடித்து விற்கும். நம் பங்கு நீர்மோராகும்.

மெக்சிகோ எதற்கு? நம் வட ஆர்க்காட்டு ஜனங்கள் தலைமுறையாய் இறங்கிய கோலார் தங்கவயலை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். தங்கம் தீர்ந்தா போயிற்று? எடுக்கும் செலவு விலையைத் தாண்டிவிட்டது.

எடுக்க எவ்வளவு, கட்ட எவ்வளவு, யார் பணம்? இம்மூன்றுக்கும் பதில் வரும்வரை சேமிப்பு தபால் ஆபீசிலேயே இருக்கட்டும், நண்பரே.