வெளுத்ததெல்லாம் ஜவ்வரிசியா?

வாங்குவோனே மன்னன் என்கிறார்கள் வணிகப் பெருமக்கள். அதைச் சட்டமிட்டுக் கடை வாயிலில் மாட்டியும் வைத்திருக்கிறார்கள். காந்தியார் சொன்னதென்று கீழே பெயர் பொறித்திருப்போரும் உண்டு. எங்கே சொன்னார், எப்போது சொன்னார் என்று கேட்டால் விடை வருவதில்லை. போகட்டும். மன்னன் என்றே வைத்துக்கொள்வோம். எத்தகைய மன்னன்? கண்ணைக் கட்டிக் கருவூலத்திற்குள் விடப்பட்ட மன்னன்! கையில் வைக்கப்படுவது மணியா கூழாங்கல்லா என்று அறிய வழியில்லாமல், "மணிதான் மன்னவா!" என்று அமைச்சன் சொன்னதும் மகிழ்ந்து மார்பில் அணிந்துகொள்ளும் மன்னன்!

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் நாமக்கல் கடைவீதியிலும் அந்த மன்னனை நாள்தோறும் காணலாம், தோழர்களே. ஒரு கிலோ ஜவ்வரிசி வாங்க வந்திருக்கிறான். இரண்டு சாக்குகள் வாய் திறந்து நிற்கின்றன. ஒன்றில் சற்றே மங்கிய நிறம். மற்றொன்றில் முத்தென மின்னும் வெண்மை. விரல் எதை நோக்கி நீளும்? வெள்ளையை நோக்கித்தான். விலை சற்றுக் கூடுதல் என்றாலும் வெள்ளையை நோக்கித்தான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற வெள்ளை மனம் நம் மக்களுக்கு.

அந்த வெண்மை வந்த வழி என்ன?

குச்சிக்கிழங்கைக் கழுவி, தோல் உரித்து, அரைத்து, மாவுப்பாலை வடிகட்டித் தொட்டியில் தேக்கித் தெளியவைத்து, அடியில் படிந்த மாவைக் குலுக்கி உருட்டிக் குருணையாக்கி, வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ களத்து வெயிலில் உலர்த்தினால் ஜவ்வரிசி. (ஆவியில் வெந்ததற்கு நைலான் ஜவ்வரிசி என்று பெயர். நைலானுக்கும் அதற்கும் நூலளவு தொடர்பும் கிடையாது!) தோல் உரிக்க ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். தெளியவைக்க நல்ல தண்ணீர் வேண்டும், பொழுது வேண்டும். கூலியையும் பொழுதையும் மிச்சம் பிடிக்க எண்ணும் ஆலை, கிழங்கைத் தோலோடு அரைக்கிறது. தோலோடு அரைத்த மாவு மங்குகிறது. மங்கியதை வெளுக்க வருகிறது சோடியம் ஹைப்போகுளோரைட், வருகிறது அமிலம், வருகிறது ஹைட்ரஜன் பெராக்சைடு. துணி வெளுக்கும் சரக்கு, நோயாளியின் கஞ்சிக் கிண்ணத்திற்கு வந்து சேர்கிறது! இவ்வட்டாரத்து ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் இவற்றைக் கைப்பற்றிய செய்தி நாளேடுகளில் வந்தது ஒரு முறையா, இரு முறையா?

எல்லா ஆலைகளும் இப்படித்தான் என்று நான் எழுதமாட்டேன். எழுதினால் அதுவும் கலப்படமே. ஒழுங்காகத் தோல் உரித்து, ஒழுங்காகக் கூலி கொடுத்து, ஒழுங்கான சரக்கைச் சாக்கில் கட்டுகிற ஆலைக்காரர்கள் இருக்கிறார்கள். வெண்மை கூடினால் விலை கூடும் என்கிற சந்தையில் முதலில் அடிபடுவோர் அவர்கள்தாம்.

பிடிபட்டவர் சொல்லும் விடையைக் கேளுங்கள்: "மக்கள் வெள்ளையைத்தானே விரும்புகிறார்கள்? விரும்புவதைத் தருவதுதானே வணிகம்?"

அடடா, என்ன பணிவு! என்ன தொண்டுள்ளம்! மக்கள் விரும்பியது வெண்மையையா? மக்கள் விரும்பியது தூய்மையை. நன்றாகத் தோல் உரித்து, நன்றாகத் தெளியவைத்த மாவு தானாகவே வெளுக்கும். அதனால் வெண்மை என்பது உழைப்பின் கையெழுத்தாக இருந்தது; உண்பவன் அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் பணம் கொடுத்தான். இன்று உழைப்பைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையெழுத்தை மட்டும் கள்ளத்தனமாகப் போடுகிறார்கள். கள்ளக் கையெழுத்துப் போட்டவன் நீதிமன்றத்தில் நின்று, "ஐயா, வங்கிக்காரர் கையெழுத்தைத்தானே விரும்பினார்" என்றால் விடுதலை கிடைக்குமா?

நானும் நாடகக்காரன். அரிதாரம் பூசுவது எங்கள் தொழில். கறுத்த மேனியான் சிவந்த அரசனாக வருவான். இருபது வயது இளைஞன் எழுபது வயதுக் கிழவனாக இருமிக்கொண்டு வருவான். எதிரே அமர்ந்திருப்பவனுக்கு அது அரிதாரம் என்று தெரியும். தெரிந்தே சீட்டு வாங்கினான், தெரிந்தே கைதட்டுகிறான். அதே அரிதாரத்தோடு ஒருவன் ஊருக்குள் போய், "நான்தான் உங்கள் மன்னன், வரி கொடுங்கள்" என்றால் அதற்குப் பெயர் நடிப்பு அன்று. வேறு பெயர் உண்டு, காவல் நிலையத்தில் எழுதுவார்கள்.

நிறத்தோடு நின்றதா? இல்லை. அடுத்து வந்தது மக்காச்சோள மாவு.

மக்காச்சோளம் நஞ்சன்று. அதை உண்டு வாழும் நாடுகள் உண்டு. நம் உழவரும் விளைவிக்கிறார்கள். கிழங்கு மாவைவிட மலிவாகக் கிடைக்கிற காலத்தில் அதைக் கிழங்கு மாவோடு கலந்து, ஜவ்வரிசி என்ற பெயரில், ஜவ்வரிசி விலைக்கு விற்பதுதான் குற்றம். ஜவ்வரிசி எது என்பதில் சட்டத்திற்கு ஐயம் கிடையாது: சவ்வரிசிப் பனையின் மாவிலோ மரவள்ளிக் கிழங்கின் மாவிலோ செய்த உருண்டைகள் என்கிறது, அயற்பொருள் எதுவும் சேரக்கூடாது என்கிறது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதலில் ஜவ்வரிசி என்பது கிழக்கிந்தியத் தீவுகளில் பனையின் மாவிலிருந்து வந்த பண்டம். பனையின் இடத்தைப் பின்னர் கிழங்கு பிடித்தது. சட்டம் அதை மறைத்ததா? இல்லை. இரண்டின் பெயரையும் எழுதிற்று. எழுதியதால் சேலத்துத் தொழில் படுத்துவிட்டதா? ஓங்கி வளர்ந்தது! ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருவது தவறன்று. வந்ததை மறைப்பதே தவறு. மக்காச்சோள உருண்டை விற்க ஆசையா? தாராளமாக விற்கட்டும், சாக்கின் மேல் மக்காச்சோளம் என்று எழுதட்டும். எழுதக் கை நடுங்குவது ஏன்?

நம் ஜவ்வரிசியை மிகுதியாக உண்போர் நாமல்லர். மராட்டியத்திலும் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் வங்கத்திலும் உண்கிறார்கள், சாபுதானா என்கிறார்கள். அங்கே ஏகாதசி, நவராத்திரி, சிவராத்திரி என்று நோன்பு இருப்போர் தானியம் தொடமாட்டார்கள். கிழங்கு தானியம் அன்று என்பதால் ஜவ்வரிசி உண்பார்கள். அந்தக் கிழங்குக்குள் சோளம் புகுந்தால்? பகலெல்லாம் பட்டினி கிடந்து மாலையில் ஒரு கைப்பிடி உண்ணும் மூதாட்டி, தன்னை அறியாமலே தன் நோன்பை முறிக்கிறாள். நோன்பில் எனக்கு நம்பிக்கை கிடையாது, பலரும் அறிந்ததே. ஆனால் நோன்பை விடுவதும் விடாததும் அவள் அறிவு, அவள் உரிமை. பகுத்தறிவு பேசி அவளை மாற்ற எனக்கு உரிமை உண்டு. ஏமாற்றி மாற்ற எந்த வணிகனுக்கும் உரிமை கிடையாது. இதில் இன்னொரு வேடிக்கை: கலப்பட முதலாளிகளில் பலர் பெரும் பக்தர்கள்!

உண்பவன் கதை இதுவென்றால் விளைவிப்பவன் கதை என்ன?

இராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர், தலைவாசல் பக்கத்து உழவன், எட்டு மாதம், பத்து மாதம் காத்திருந்து குச்சிக்கிழங்கைப் பிடுங்கி ஆலைக்கு ஏற்றிச் செல்கிறான். அங்கே எடை மட்டும் போட்டு விடுகிறார்களா? இல்லை. "பாயிண்ட்" பார்க்கிறார்கள். கிழங்கில் மாவுச்சத்து நூற்றுக்கு எத்தனை என்று அளந்து, அந்தப் புள்ளிக்கு இவ்வளவு என்று விலை வைக்கிறார்கள். இருபத்தெட்டு வரும் என்று அவன் எண்ணியிருக்க, இருபத்தைந்து என்று கருவி காட்டினால் மூன்று புள்ளியின் பணம் அந்த இடத்திலேயே போயிற்று. கருவி யாருடையது? ஆலையுடையது. அளப்பவர் யார்? ஆலையின் ஆள். அளவில் குறை என்று உழவன் முறையிடாத ஆண்டு உண்டா?

பாருங்கள் இந்த முறைமையை! வாங்கும்போது ஒவ்வொரு புள்ளியும் அளக்கப்படுகிறது. விற்கும்போது ஒரு புள்ளியும் அளக்கப்படுவதில்லை. உழவனிடம் விஞ்ஞானம், உண்பவனிடம் நம்பிக்கை! கிழங்குக்குள் எத்தனை மாவு என்று கண்டறியத் தெரிந்தவர்களுக்கு, மாவுக்குள் எத்தனை கிழங்கு என்று எழுதத் தெரியாதா? மக்காச்சோள மாவு லாரி லாரியாக வந்து இறங்கினால் கிழங்கை யார் தேடுவார்? ஊருக்கு வெளியே உண்பவனை ஏமாற்றுகிற அதே கை, ஊருக்குள் கிழங்கின் விலையைக் கீழே அழுத்துகிறது. உண்பவனும் உழவனும் ஒரே சாக்கின் இரு முனையில் கட்டப்பட்டவர்கள்; நடுவில் உட்கார்ந்திருப்பவன் இருவரிடமும் மற்றவனைக் காட்டிப் பேசுகிறான்.

வெல்லத்திலும் இதே கூத்து. பிலிக்கல்பாளையத்து ஏலத்திற்கும் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கும் வரும் வெல்லத்தில் பழுப்பு நிறத்தை யாரும் சீண்டுவதில்லை, பொன்னிறம் வேண்டும். கரும்புப்பால் காய்ச்சும் கொப்பரையில் அழுக்கெடுக்க வெண்டைச் சாறு ஊற்றிய காலம் ஒன்றிருந்தது. இப்போது சில ஆலைக்கொட்டகைகளில் ஹைட்ரஸ் கொட்டுகிறார்கள். அஸ்கா சர்க்கரையைக் கொட்டிக் கரைத்து வெல்லம் என்று உருண்டை பிடிக்கிறார்கள். சர்க்கரை ஆகாதென்று வெல்லத்திற்கு மாறியவன், சர்க்கரையையே வெல்ல விலைக்கு உண்கிறான்! நாமக்கல் முட்டைக்கோ நேர்மாறான நிற வெறி: ஓடு பழுப்பாக இருந்தால் சத்து கூடுதல் என்று கூடுதல் காசு கேட்கிறார்கள். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைச் சொல்லும், சத்தைச் சொல்லாது.

ஒன்றிய அரசு என்ன செய்தது? 2005ஆம் ஆண்டில் "நுகர்வோரே, விழித்தெழு!" என்று முழக்கம் தொடங்கிற்று. நல்ல முழக்கம். ஆனால், கிழங்கு மாவுக்கும் சோள மாவுக்கும் வேறுபாடு காண நுண்நோக்கி வேண்டும். அதன் வழியே பார்த்தால் கிழங்கு மாவின் துகள் உருண்டையாக, ஒரு பக்கம் நறுக்கியதுபோல இருக்கும். சோள மாவின் துகள் பல கோணங்களோடு இருக்கும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைத்தூள். பொழுதெல்லாம் விழித்திருந்தாலும் புலப்படாத ஒன்றை, விழித்துப் பார் என்று சொல்வது என்ன நியாயம்? விழிக்க வேண்டியவர்கள் அரசின் சம்பளத்தில் இருக்கிறார்கள்.

இந்த வெள்ளைப் பித்து நமக்கு மட்டும் வந்த நோயன்று. 1820இல் இலண்டனில் பிரடெரிக் ஆக்கம் என்ற வேதியியல் அறிஞர், ரொட்டியை வெளுக்கப் படிகாரம் கலக்கிறார்கள் என்று நூல் எழுதி அம்பலப்படுத்தினார். கலப்பட உணவும் கள்ள எடையும் கண்டு சலித்துப்போன ராச்டேல் நகரத்து உழைப்பாளர் 28 பேர், நெசவாளர் பலர் அவர்களுள், 1844 டிசம்பர் 21 அன்று சொந்தமாகக் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் என்று நான்கைந்து சரக்குதான். கலப்படமில்லாச் சரக்கு, குறையில்லா எடை. கூட்டுறவு என்று உலகம் இன்று சொல்லும் இயக்கம் அந்தச் சிறு கடையிலிருந்து கிளைத்தது. தறியோசை கேட்டு வளர்ந்த சேலத்துக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கூட்டுறவு நமக்கும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு வரத்து நின்றபோது, 1943ஐ ஒட்டி, சேலத்து மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள் என்பது இத்தொழிலின் வரலாறு. 1981இல் ஆலைக்காரர்கள் சேர்ந்து சேகோசர்வ் கண்டார்கள். 2023இல் "சேலம் ஜவ்வரிசி"க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பொருளென்ன? சேலம் என்ற பெயர் இனி எந்தத் தனி முதலாளியின் சொத்தும் அன்று. கிழங்கு பிடுங்கியவனுக்கும் களத்தில் காயவைத்த பெண்ணுக்கும் அதில் பங்குண்டு. அந்தப் பெயரைத் தாங்கும் சாக்கில் எந்த ஆலை, தோல் உரித்ததா இல்லையா, ஆய்வு முடிவு என்ன என்பதை எழுதச் சொல்வது பேராசையா? பொருளின் தரமும் தூய்மையும் அறியும் உரிமை நுகர்வோர்க்கு உண்டென்று 1986ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்லிற்று. அதை அகற்றி வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. வாணிகம் பற்றிய குறளை வள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார்.

சட்டத்தில் நம் கைக்கு எட்டும் பிரிவு ஒன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு. அதிகாரிதான் வந்து மாதிரி எடுக்க வேண்டும் என்பதில்லை. வாங்கிய எவரும் தாம் வாங்கிய உணவுப்பொருளைக் கட்டணம் கட்டி, அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் ஆய்வுக்குக் கொடுக்கலாம். குறை தெரிந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதற்கான அரசுக் கூடம் சேலத்திலேயே இருக்கிறது. கிளைக்கு ஒரு கிலோ என்று தொடங்குவோம், தோழர்களே. சாக்கிலேயே மிக வெள்ளையாக மின்னுவதைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வுக்கு அனுப்பப் போகிறோம் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், அது சட்டம். சொல்லும்போது அவர் முகம் வெளுத்தால், அந்த வெண்மைக்கு மட்டும் ஆய்வு தேவையில்லை. விலைச்சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.