வேறுபாடு அழிந்த களம்: பேட்டில்ஃபீல்ட் தன் அடையாளத்தை எங்கே தேட வேண்டும்?

கணினி விளையாட்டைப் பற்றி மொழியியல் ஆய்வாளர் எழுதுவதா என்று முகம் சுளிக்கும் பேராசிரியர்களுக்கும், பழைய வரைபடங்களைத் திரும்பக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முழங்கும் ரசிகர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரு தரப்பாரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். அடையாளம் என்பது ஒரு பொருளுக்குள் பொதிந்து வைக்கப்பட்ட சரக்கு என்று நம்புகிறார்கள். முதல் தரப்பார் அந்தச் சரக்கை மலிவானது என்கிறார்கள். இரண்டாம் தரப்பார் அது தொலைந்துவிட்டது என்கிறார்கள். அது சரக்கே அன்று என்பதுதான் என் வாதம்.

ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த டைஸ் நிறுவனம் உருவாக்கி, அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட 'பேட்டில்ஃபீல்ட் 1942' வந்தது 2002இல். அன்று முதல் இன்றுவரை இவ்வரிசை இரண்டாம் உலகப் போரிலிருந்து எதிர்காலப் போர் வரை அலைந்திருக்கிறது. 2021 நவம்பரில் வெளியான 'பேட்டில்ஃபீல்ட் 2042' பெரும் ஏமாற்றமாக முடிந்தபோது, 'இது பேட்டில்ஃபீல்டே இல்லை' என்ற குரல் உலகெங்கும் எழுந்தது. அக்குரல் நியாயமானது. ஆனால் எது இல்லாமற்போனது என்று கேட்டால் கிடைத்த விடைகள் மேலோட்டமானவை: மதிப்பெண் பலகை இல்லை, கதைப்பகுதி இல்லை, வரைபடங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. இவை அறிகுறிகள். நோய் வேறு.

மொழியியல் முதலாமாண்டு மாணவரும் அறிந்த ஒன்றை இங்கே நினைவூட்டுகிறேன். ஒரு குறியின் மதிப்பு அக்குறிக்குள் இல்லை. அது பிற குறிகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதில் இருக்கிறது என்றார் சசூர். தமிழருக்கு இதை விளக்கச் சசூர்கூடத் தேவையில்லை. வலி, வளி, வழி என்ற மூன்று சொற்களையும் மூன்றாக நிறுத்துவது ல, ள, ழ என்ற ஒலியன்களுக்கு இடையிலான வேறுபாடு. மூன்றையும் ஒன்றாக ஒலிப்பவர் தமக்குக் கூடுதல் சுதந்திரம் கிடைத்துவிட்டதாக எண்ணலாம். அவர் பேச்சில் மிஞ்சுவது குழப்பம் மட்டுமே.

பேட்டில்ஃபீல்டின் அடையாளமும் இத்தகைய வேறுபாடுகளின் அமைப்பே. 1942இல் வேவு, தாக்குதல், டாங்கி எதிர்ப்பு, மருத்துவம், பொறியியல் என ஐந்து பிரிவுகள் இருந்தன. மருத்துவ வீரரால் காயத்தை ஆற்ற முடியும். டாங்கியை அழிக்க முடியாது. பொறியாளரால் ஊர்தியைச் செப்பனிட முடியும். காயம்பட்டவரைக் காக்க முடியாது. ஒவ்வொருவரும் எதைச் செய்ய இயலாதவர் என்பதே அவர் யார் என்பதை வரையறுத்தது. அந்த இயலாமைதான் முன்பின் அறியாத மனிதர்களை ஒருவரையொருவர் நம்பவைத்தது. 2005இல் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 2' இவ்வமைப்பை ஏழு பிரிவுகளாக விரித்து, சிறுகுழுவையும் படைத்தலைவரையும் அதன்மேல் ஏற்றியது. கணினியில் 64 பேர் கூடிய அக்களம் வெறும் கூட்டமாக இல்லாமல் போராக உணரப்பட்டதற்குக் காரணம் இதுவே.

2042 இதைக் கலைத்தது. பிரிவுகளுக்குப் பதிலாகப் பெயரும் முகமும் தனித்திறனும் கொண்ட பத்து 'ஸ்பெஷலிஸ்ட்'கள் வந்தார்கள். எவரும் எந்தத் துப்பாக்கியையும் ஏந்தலாம். மருந்துப் பெட்டியோ ராக்கெட்டோ எவருக்கும் கிடைக்கும். ஓவர்வாட்ச், ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் போன்ற விளையாட்டுகளில் கதாபாத்திரங்களுக்கு விதவிதமான உடைகளை விற்றுப் பணம் ஈட்ட முடிந்ததைக் கண்ட சந்தை, தனக்கும் விற்கத்தக்க முகங்கள் வேண்டும் என்றது. முகங்கள் கிடைத்தன, இலக்கணம் சிதைந்தது. ஒரே வேளையில் 128 பேர் ஆடும் களத்தில் யாருக்கும் யாரும் தேவைப்படவில்லை.

இரண்டாவது சிதைவு இதனினும் கொடியது. ஒரே ஸ்பெஷலிஸ்ட் அமெரிக்கப் படையிலும் இருப்பார், ரஷ்யப் படையிலும் இருப்பார். தலைக்கு மேல் மிதக்கும் சின்னத்தைப் பார்த்துத்தான் நண்பரையும் பகைவரையும் பிரித்தறிய வேண்டும். நம் புறத்திணை மரபு இவ்விடத்தில் ஒரு பாடம் சொல்கிறது. ஆநிரை கவர்பவர் வெட்சி சூடினால் மீட்பவர் கரந்தை சூடுவர். மதிலை வளைப்பவர் உழிஞை சூடினால் காப்பவர் நொச்சி சூடுவர். பூவைப் பார்த்தே தரப்பும் செயலும் விளங்கும். வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது போரைச் சொல்லும் கலையின் முதல் விதி என்று அம்மரபு அறிந்திருந்தது. பெரும் பொருட்செலவில் எடுத்த விளையாட்டு அதை மறந்தது.

மூன்றாவது சிதைவு மொழியில் நிகழ்ந்தது. இதை விமர்சகர்கள் போதிய அளவு பேசவில்லை. 1942இல் ஜெர்மானியர் ஜெர்மனிலும் ஜப்பானியர் ஜப்பானியத்திலும் சோவியத் வீரர் ரஷ்யனிலும் குரல் கொடுத்தார்கள். 'பேட்டில்ஃபீல்ட் 2'இல் மத்தியக் கிழக்குக் கூட்டணி அரபியிலும் சீனப் படை சீனத்திலும் பேசின. 2016இல் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 1' உஸ்மானியப் படைக்குத் துருக்கிய மொழியைத் தந்தது. மொழி தெரியாத வீரர்கூடச் சில நாள்களில் எதிரியின் ஓசையைக் கொண்டு அவன் தரப்பை அடையாளம் காணக் கற்றார். எதிரியும் ஒரு மொழி பேசும் மனிதன் என்பது விரிவுரை ஏதுமின்றிச் செவி வழியே புகுந்தது.

2042இன் கதைப்படி, பருவநிலைச் சீர்குலைவால் நாடுகள் சிதைந்து, நாடற்றவர்களாகிய அகதிகளே இரு வல்லரசுகளுக்காகவும் போரிடுகிறார்கள். இன்றைய உலகில் இதைவிட அரசியல் கனம் மிக்க கருப்பொருள் வேறேது? நாடிழந்தவரிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் அவர் மொழிதான். ஆனால் இவ்விளையாட்டின் நாடற்றவர்கள் பலவகை உச்சரிப்புகளில் ஆங்கிலம் பேசிக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் நகைச்சுவை வசனம் உதிர்த்தார்கள். அவர்களுள் நவீன் ராவ் என்ற இந்தியரும் உண்டு. அவருக்கு இந்தியப் பெயர் இருந்தது. இந்திய மொழி இருந்ததா? அகதி நிலை என்பது, ஒரே முகத்தை இரு தரப்பிலும் விற்பதற்கான கதைச் சாக்காகச் சுருங்கியது.

டைஸ் திருந்தவில்லையா என்று கேட்பீர்கள். பாதி திருந்தியது. அந்த வெற்றி வசனங்கள் எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டன. 2023இல் ஸ்பெஷலிஸ்ட்கள் மீண்டும் பிரிவுகளுக்குள் அடுக்கப்பட்டார்கள். 2025 அக்டோபரில் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 6' நான்கு பிரிவுகளோடு தொடங்கியது. ஆயினும் எவரும் எந்த ஆயுதமும் ஏந்தும் முறை நீடிக்கிறது. பிரிவுக்குரிய ஆயுதம் மட்டும் என்ற முறை தனித் தெரிவாகவே வைக்கப்பட்டுள்ளது. கதையில் நேட்டோவுக்கு எதிரே நிற்பது பாக்ஸ் அர்மாட்டா என்ற கற்பனைத் தனியார் கூலிப்படை. எந்த நாட்டையும் புண்படுத்தாத, எந்தச் சந்தையையும் இழக்காத எதிரி! நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கு அது வசதி. ஆனால் தாயகமற்ற படை எந்த மொழியில் பேசும், எதற்காகச் சாகும்?

மூன்று மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். முதலாவது, கட்டுப்பாடு சுதந்திரத்தைப் பறிக்கிறது என்பது. விதியற்ற மொழியில் எதையும் சொல்லலாம் என்று நினைப்பவர், அம்மொழியில் எவரும் எதையும் புரிந்துகொள்ள முடியாது என்பதை மறக்கிறார். இரண்டாவது, பல மொழிகளில் ஒலிப்பதிவு செய்வது செலவு மிக்கது என்பது. 2002இல் டைஸால் இயன்றது இன்று அதனினும் பெரிய நிறுவனத்துக்கு இயலாதா? மூன்றாவது, விளையாடுபவருக்குப் புரிய வேண்டுமே என்பது. தன் தரப்பின் கட்டளையைத் தன் மொழியில் கேட்கும் வசதியையும் எழுத்து வசனத்தையும் எவரும் மறுக்கவில்லை. எதிரியின் மொழி புரியாமலிருப்பது குறையன்று. போர்க்களத்தின் உண்மை அது.

இந்தியாவில் இருந்துகொண்டு இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு சான்று போதும். 'பேட்டில்ஃபீல்ட் 1'இல் ஃபாவ் கோட்டை என்றொரு வரைபடம் உண்டு. 1914 நவம்பர் 6 அன்று அங்கே கரையிறங்கியது, இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட பூனா டிவிஷனின் 16ஆம் பிரிகேடு. அதன் நான்கு பட்டாலியன்களுள் மூன்று இந்தியப் பட்டாலியன்கள். பஞ்சாபியும் மராத்தியும் இந்துஸ்தானியும் ஒலித்திருக்க வேண்டிய அக்கரையில், விளையாட்டின் பிரித்தானியப் பேரரசு ஆங்கிலமே பேசுகிறது. உஸ்மானியரின் மொழிக்கு இடம் கொடுத்த கேள்திறன், பேரரசின் சிப்பாய்க்கு இடம் கொடுக்கவில்லை. அச்சிப்பாய்களின் குரல் கிடைக்கவில்லை என்ற சாக்கும் செல்லாது. 1915 முதல் 1918 வரை பிரஷ்ய ஒலிப்பதிவு ஆணையம் ஜெர்மனியின் போர்க்கைதி முகாம்களில் இந்திய வீரர்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்தது. அவை பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. கைதிகளை ஆய்வுப் பொருளாக்கிய அத்திட்டத்தின் அறம் கேள்விக்குரியதே. ஆயினும் அந்தக் குரல்கள் இருக்கின்றன.

ஆகவே, பேட்டில்ஃபீல்ட் தன்னை மீட்டெடுக்க வேண்டுமானால் பழைய வரைபடங்களைப் பெருக்கித் துடைத்து மறுபடி விற்பதால் பயனில்லை. ஆயுதத்தைப் பிரிவோடு மீண்டும் பிணைக்கட்டும். உருவத்தாலும் உடையாலும் இரு தரப்பையும் தொலைவிலிருந்தே பிரித்துக் காட்டட்டும். ஒவ்வொரு படைக்கும் அதன் மெய்யான மொழிகளைக் கொடுக்கட்டும். பேரரசின் படையென்றால் பேரரசின் எல்லா மொழிகளையும் கொடுக்கட்டும்.

நம் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். போர் எப்படி ஒலிக்கும் என்பதை நம் மாணவர்களுள் பலர் வரலாற்று வகுப்பில் கற்பதற்கு முன்பே இத்தகைய விளையாட்டுகளில் கற்றுவிடுகிறார்கள். அங்கே யார் பேசுகிறார், யார் ஊமையாக்கப்படுகிறார் என்று கேட்பது நம் ஆய்வுக்கு வெளியே உள்ள கேள்வி என்று கருதுபவர், அதற்கான காரணத்தைக் கீழே எழுதுங்கள். விவாதிப்போம்.