கால் செய்வோர்

1968ஆம் ஆண்டளவில், ஜெய்ப்பூரிலே இராம் சந்திர சர்மா என்னுங் கைவினைஞர், சத்திரசிகிச்சை நிபுணர் சேத்தியுடன் கூடி இறப்பரினாற் செயற்கைப் பாதஞ் செய்தார். சப்பாத்தின்றி வயற்சேற்றில் நடக்கவும் நிலத்திற் சம்மணமிடவும் உதவுவது அது. 1981இல் மக்சாய்சாய் விருது பெற்றவர் வைத்தியர். அவரை யாம் குறைகூறவில்லை. ஆயினும் கைவினைஞரை அறிந்தவர் எத்துணைபேர்?

யாழ்ப்பாணத்திலும் அக்கால் பொருத்தப்படுகின்றது. பொருத்தியபின்னரன்றோ பெரும்பணி! இரு கம்பிகளுக்கிடையே நாட்கணக்காக நடைபயிற்றி, புண்பட்டவிடம் நோக்கி, காலுறையும் கூட்டைத் திரும்பத்திரும்பச் செப்பஞ்செய்து, ஒருவரைத் தாமே கிணற்றடிக்குச் செல்லவைப்போர் அங்குளர். கல்லூரி ஈன்ற வைத்தியரையும் எந்திரியரையும் போற்றும் இம்மலரில் அத்தொழிலருக்கும் இடமுண்டு என்பது எமது துணிபு. பழைய மாணவர் சங்கம் வழங்கும் புலமைப்பரிசில்களுள் ஒன்றை இத்தொழில் பயிலப்புகும் மாணவனுக்கென ஒதுக்குமாறு வேண்டுகின்றோம்.