கம்பியூட்டர் ஸ்லோவா? ஃபோர்மட் பண்ணக் கொடுக்க முன்னர் இதை வாசியுங்கள்



வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இருக்கும் பெற்றோருக்கும் சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு விசயம்.

வீட்டுக் கம்பியூட்டர் திறக்க நேரமெடுத்தால் நாம் உடனே சொல்வது, "வைரஸ் புகுந்திட்டு, ஃபோர்மட் பண்ணணும்." காசு போகும். சிலவேளை பிள்ளை சேர்த்து வைத்த பாடக் குறிப்புகளும் சேர்ந்தே போகும். ஆனால் பல நேரம் காரணம் வைரஸ் இல்லை. பிரிண்டரோடு வந்தது, கேமோடு வந்தது, அரட்டைச் செயலி என்று நாம் கேட்காமலே பின்னணியில் எழும்பி ஓடுகிறவைதான் காரணம்.

இவற்றை நிறுத்தும் வழி விண்டோஸ் 7 காலத்திலும் இருந்தது. ஆனால் "எம்எஸ்கொன்ஃபிக்" என்று தட்டத் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கதவு திறந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது டாஸ்க் மெனேஜரில் ஸ்டார்ட்அப் என்று ஒரு பகுதி சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் தொடக்கத்தை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதை ஹை, மீடியம், லோ என்று அது காட்டும். தொடக்கத்தில் ஒரு செக்கனுக்கு மேல் ப்ரொசெசரையோ 3 மெகாபைட்டுக்கு மேல் டிஸ்க்கையோ பாவித்தால் அது ஹை. பெயர் விளங்காவிட்டால் ரைட் கிளிக் செய்து அங்கிருந்தே இணையத்தில் தேடலாம். 2022இல் விண்டோஸ் 11இல் தோற்றத்தை மாற்றினார்கள். பிறகு தேடல் பெட்டியும் வந்தது.

இது வெறும் அழகுபடுத்தல் இல்லை என்பது என் கருத்து. உள்ளே இருந்த வசதி பழையதுதான். அதை விளங்கும்படி முன்னால் வைத்ததால், கடைக்காரருக்கு மட்டும் தெரிந்த வேலை பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் கைவந்தது.

ஆனால் வேலை பாதியில்தான் நிற்கிறது. அதே டாஸ்க் மெனேஜரில் சேர்விசஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். சுருக்கப் பெயர்களின் நீண்ட பட்டியல். எதை நிறுத்தினால் பிரிண்டர் மட்டும் நிற்கும், எதை நிறுத்தினால் இணையமே போகும் என்று ஒரு நிறமோ அடையாளமோ இல்லை. விரிவான விளக்கம் வேண்டுமென்றால் தனியாக இன்னொரு ஜன்னலுக்குப் போக வேண்டும். அங்குள்ள விளக்கமும் படித்தவருக்கே சரியாக விளங்காது.

மொழியும் ஒரு தடை. விண்டோஸில் கிடைக்கும் தமிழ் இந்தியத் தமிழ். நமது பிள்ளைகள் பாடநூலில் "பணிசெயல் முறைமை" என்று படிக்கிறார்கள். திரையில் வேறு சொல் வரும்போது தடுமாறி, ஆங்கிலத்துக்கே மாறிவிடுகிறார்கள்.

"பிள்ளைகள் கையை வைத்துப் பழுதாக்கிவிடுவார்கள்" என்று சிலர் சொல்வார்கள். ஸ்டார்ட்அப் பகுதியில் டிசேபல் கொடுத்தால் எதுவும் அழியாது. தானாக எழும்புவது மட்டும் நிற்கும், எனேபல் கொடுத்தால் திரும்ப வரும். வைரஸ் கார்டைத் தொடாமல் விட்டால் போதும். சேர்விசஸ் பக்கம் போக வேண்டாம் என்று நானும் சொல்வேன். அந்தப் பயத்துக்குக் காரணம் பிள்ளையின் கை மட்டுமில்லை, வழிகாட்டாத அந்தத் திரையும்தான்.

இப்போது இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. பல பழைய மெசின்கள் விண்டோஸ் 11ஐ ஏற்காது. புதிது வாங்க எல்லோருக்கும் வசதி இல்லை. இருப்பதை அறிந்து பாவிப்பதும் வீண்விரயம் செய்யாமல் இருப்பதும் நமக்குச் சொல்லித் தரப்பட்ட பண்புதானே.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். பெற்றோரே, கடைக்குக் கொடுக்க முன்னர் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, ஸ்டார்ட்அப்பில் ஹை என்று இருப்பதைப் பிள்ளையோடு இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் கொடுங்கள். கொடுக்க முன்னர் குறிப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.