பொய்த் தராசை உடைத்தெறிவோம்!

வெங்காயம் வாங்க வரும் வியாபாரியின் தராசைச் சோதியாது, ஒரு மூடையேனும் நிறுத்துக் கொடுக்க எமது கமக்காரன் இணங்குவானா? இணங்கான். ஆனால், அவனுடைய மக்களை நிறுப்பதற்கு விளம்பரக்காரன் தன் சொந்தத் தராசோடு வீட்டினுள்ளே புகுந்திருக்கிறான். அதனைச் சோதிப்பார் எவருமிலர்!

நாம் கூறுவது மிகையன்று. 22 நாடுகளின் பல்கலைக்கழக மாணவரிடையே நடத்தப்பெற்று 2006இல் வெளியான ஆய்வொன்று, ஒரே உடலளவினராயினும் ஆண்களைவிடப் பெண்களே தம்மைப் பருத்தவரென மிகுதியாக எண்ணுவதைக் காட்டிற்று. பசிபிக் சமுத்திரத்துப் பீஜித் தீவின் கதை இதனினும் கொடிது. நிறைந்த உடலே அழகென்பது அங்கு வழிவழி வந்த எண்ணம். நட்ரோகா என்னும் பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அவ்வாண்டு ஆராய்ந்தபோது, மெலிவதற்காக உண்டதை வாந்தியெடுத்ததாகக் கூறிய மாணவி ஒருத்தியுமில்லை. 1998இலோ நூற்றுக்கு 11 பேர் அவ்வாறு கூறினர். மூன்றே ஆண்டுகளில் ஒரு மக்களின் அழகுணர்ச்சி அந்நியத் திரைக்கு அடகு போகத் தொடங்கிற்று!

உண்மையான கணக்கு யாது? கிலோகிராமில் எடுத்த நிறையை, மீற்றரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டி. அது 18.5க்குக் குறைந்தால் மெலிவு. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே நீரிழிவு முதலிய நோய்களின் அபாயம் கூடுகின்றதென உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எச்சரித்தது. தசையையும் கொழுப்பையும் இச்சுட்டி பிரித்தறியாது. ஆயினும், விற்பனைக்காகச் செய்யப்பட்ட தராசன்று இது.

160 சதமமீற்றர் உயரமும் 52 கிலோ நிறையுமுள்ள யுவதியின் சுட்டி ஏறக்குறைய 20. அவளுக்கு ஒரு குறையுமில்லை. அவளோ காலை உணவை ஒதுக்குகிறாள். 170 சதமமீற்றர் உயரமும் 72 கிலோ நிறையுமுள்ள இளைஞனின் சுட்டி ஏறக்குறைய 25. எச்சரிக்கை எல்லையைத் தாண்டிய அவனையோ, நல்ல தேகக்கட்டு என ஊர் புகழ்கிறது. வேறொருவன் தோள் பருக்குமென நம்பித் தகரப்பேணி மாவுக்குப் பணத்தை இறைக்கிறான்.

விளம்பரக்காரன் மட்டுமா குற்றவாளி? பெண் பார்க்கப் போன வீட்டிலே, “பெண் கொஞ்சம் மொத்தம்” என முணுமுணுப்பவர் யார்? பந்தியிலே, “என்ன, உருண்டு விட்டாய்!” எனச் சிரிப்பவர் யார்? அவர் எமது சுற்றத்தார் அல்லரோ?

ஆகவே நாம் கோருகிறோம்: பாடசாலைதோறும் மாணவரின் உயரத்தையும் நிறையையும் அளந்து, அதன் பொருளைத் தனிமையில் அவரவர்க்கு எடுத்துரைக்க வேண்டும். மெலிவிக்கும் மருந்தும் பருக்கச் செய்யும் மாவும் விற்போரின் வாய்ப்பந்தலைச் சட்டம் அடக்க வேண்டும். வைத்தியர்கள் மருந்துச் சீட்டோடு நில்லாது சனசமூக நிலையங்களுக்கு வந்து பேச வேண்டும். பெற்றோர், பிள்ளைகளின் உடலைப் பந்தியிலே பரிகசிப்பதை இன்றோடு ஒழிக்க வேண்டும்.

சந்தையில் அரைக் கிலோ குறைந்தாலும் பொறுக்காதவர்கள் நாம். எமது பிள்ளைகளின் மானமும் உடல்நலமும் பொய்த் தராசில் நிறுக்கப்படுவதை மட்டும் பொறுத்திருப்பதா?