சாவி பக்கத்தில் இருக்கிறதா? கார் எப்படிக் கண்டுபிடிக்கிறது?



கார் சாவியை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடி வைக்கும் பழக்கம் டொராண்டோ, லண்டன் பக்கம் நம்மவர்கள் பலர் வீட்டில் வந்துவிட்டது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "சாவியை எதுக்குப்பா டின்னுக்குள்ள போடுற?" என்று கேட்டால் விளக்கம் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த விளக்கமும், அந்த டின்னுக்கே வேலை இல்லாமல் செய்யக்கூடிய ஒரு தொழில்நுட்பமும்தான் இந்த முறை நம் விஷயம். அதன் பெயர் அல்ட்ரா வைட்பேண்ட். சுருக்கமாக யூ.டபிள்யூ.பி.

முதலில் திருட்டு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பட்டன் அழுத்தாமலே திறக்கும் கார்களில், கைப்பிடியைத் தொட்டதும் கார் ஒரு மெல்லிய சிக்னலை அனுப்பும். அது ஓரிரு மீட்டருக்கு மேல் போகாது. உங்கள் பாக்கெட்டில் இருக்கும் சாவி அதைக் கேட்டு, ரகசியக் குறியீட்டோடு பதில் சொல்லும். பதில் சரி என்றால் கதவு திறக்கும். "நான் பேசினது சாவிக்குக் கேட்டிருக்கு, அப்படின்னா சாவி பக்கத்துலதான் இருக்கணும்" என்பது காரின் கணக்கு.

திருடர்கள் இந்தக் கணக்கில்தான் கை வைக்கிறார்கள். ஒருவர் காருக்குப் பக்கத்தில் நிற்பார், இன்னொருவர் வீட்டு வாசலில் நிற்பார். இருவரிடமும் ஆளுக்கொரு கருவி. கார் சொல்வதை முதல் ஆள் வாங்கி அடுத்தவருக்கு அனுப்ப, அவர் அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் சாவிக்குக் கேட்க வைப்பார். சாவியின் பதிலும் அதே வழியில் காருக்குப் போய்ச் சேரும். ரகசியக் குறியீட்டை யாரும் உடைக்கவே இல்லை. தபால்காரர் மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இதற்கு ரிலே தாக்குதல் என்று பெயர். சூரிச் நகரிலுள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களை இப்படிச் சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன.

கனடாவில் ஆண்டுக்குச் சுமார் 90,000 கார்கள் திருடுபோவதாக 2024-இல் அந்நாட்டு அரசே சொன்னது. 2024 பிப்ரவரியில் ஒட்டாவாவில் இதற்கென்றே ஒரு தேசிய மாநாடு கூட்டினார்கள். எல்லாக் காரும் ரிலே முறையில் போனதில்லை. ஆனால் கண்ணாடி உடையாமல், அலாரம் அடிக்காமல், காலையில் டிரைவ்வே காலியாகக் கிடக்கிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

யூ.டபிள்யூ.பி. வேறு கேள்வி கேட்கிறது. "சாவிக்குக் கேட்டதா?" என்று கேட்பதில்லை. "பதில் வர எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்கிறது. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போகும். ஒரு செகண்டை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோ செகண்ட். அந்த நேரத்தில் அலை போகும் தூரம் 30 சென்டிமீட்டர், பிள்ளைகளின் ஸ்கேல் நீளம். சிக்னல் போய்வர ஆன நேரத்தைத் துல்லியமாக அளந்தால் சாவி எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அவ்வளவு நுணுக்கமாக அளக்க, சிக்னல் கண் இமைப்பதைவிடப் பல கோடி மடங்கு சிறிய துடிப்பாக இருக்க வேண்டும். துடிப்பு குறுகக் குறுக, அது பிடித்துக்கொள்ளும் அலைவரிசை அகலமாகும். ப்ளூடூத் சேனல் ஒன்றுக்கு 1 அல்லது 2 மெகாஹெர்ட்ஸ் போதும். யூ.டபிள்யூ.பி.க்கு 500 மெகாஹெர்ட்ஸாவது வேண்டும். பெயரில் 'வைட்' வந்தது இதனால்தான். பலன், சுமார் 10 சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம்.

இப்போது அதே திருடர்களை நிறுத்திப் பாருங்கள். சாவி 15 மீட்டர் தள்ளி வீட்டுக்குள் இருக்கிறது. சிக்னல் போய்வர 30 மீட்டர், அதாவது 100 நானோ செகண்ட். திருடனின் கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இதைக் குறைக்க முடியாது. நடுவில் கருவி நுழைந்தால் நேரம் கூடத்தான் செய்யும். "பதிலை முன்கூட்டியே ஊகித்து அனுப்பினால்?" என்று கேட்கலாம். 2020-இல் வந்த 802.15.4இசட் என்ற தரநிலை அதற்காகவே துடிப்புகளின் வரிசையை ரகசியமாக மாற்றி மாற்றி அனுப்புகிறது.

தொழில்நுட்பம் புதிதல்ல. அமெரிக்க அரசின் எஃப்.சி.சி. 2002-லேயே இதற்கு அனுமதி கொடுத்தது. அப்போது இதை வைத்து வயர் இல்லாத யூ.எஸ்.பி. செய்யப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 2019-இல் ஐபோன் 11-க்குள் வந்த பிறகுதான் தூரம் அளக்கும் கருவியாக மறுவாழ்வு கிடைத்தது. பெட்டியில் போடுகிற ஏர்டேகிலும் இது உண்டு. ஆனால் சென்னையில் மாட்டிக்கொண்ட பெட்டியை மேப்பில் காட்டுவது ப்ளூடூத். பக்கத்தில் போனதும் அம்புக்குறி போட்டு வழிகாட்டுவதுதான் யூ.டபிள்யூ.பி.

கதிர்வீச்சு பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: அமெரிக்க விதிப்படி, 500 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்கு அனுமதிக்கப்பட்ட சராசரி சக்தி ஒரு மில்லிவாட்டில் 25-இல் ஒரு பங்குகூட இல்லை. சாதாரண வைஃபையைவிட மிக மிகக் குறைவு.

"அப்போ யூ.டபிள்யூ.பி. இருக்கிற கார் வாங்கினா நிம்மதியாத் தூங்கலாமா?" முழுக்க இல்லை. 2024-இல் சீன ஆய்வாளர்கள் யூ.டபிள்யூ.பி. பொருத்திய டெஸ்லா மாடல் 3 ஒன்றை ரிலே முறையிலேயே திறந்து காட்டினார்கள். சிப் காருக்குள் இருந்தது. ஆனால் கதவைத் திறக்கும் முடிவை கார் இன்னும் ப்ளூடூத்தை நம்பித்தான் எடுத்தது. அதோடு, ஹெட்லைட் பக்கம் போகும் வயரில் கருவி செருகித் திருடும் முறையும் உண்டு. அதில் சாவியே தேவையில்லை. யூ.டபிள்யூ.பி.யால் அதைத் தடுக்க முடியாது.

ஆகவே கார் வாங்கும்போது விற்பனையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சாவியிலோ போன் சாவியிலோ யூ.டபிள்யூ.பி. இருக்கிறதா? கதவு திறக்கவும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவும் தூரத்தை அதுதான் சரிபார்க்கிறதா? இரண்டாவதற்குத் தெளிவான பதில் வராவிட்டால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் சிக்னல் தடுக்கும் பை வாங்கலாம். சாவியை அதில் போட்டு, காருக்குப் பக்கத்தில் நின்று கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். கதவு திறந்தால் பை சரியில்லை. டின்னையும் அப்படியே சோதியுங்கள். ஸ்பேர் சாவியை மறந்துவிடாதீர்கள். பையில் பத்திரமாக ஒன்று, கிச்சன் டிராயரில் சும்மா இன்னொன்று என்றால் பாடுபட்டதெல்லாம் வீண். ஸ்டீயரிங் பூட்டு ஒன்றும் போட்டுவிடுங்கள். பார்க்கப் பழசாக இருக்கும், ஆனால் அதை ரிலே செய்து திறக்க முடியாது.